ஓர்கன் இசையும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

போர்த்துக்கேயரின் கோட்டைகளையும் போர்களையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள் அவர்தம் வழிபாட்டிசையைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், மட்டக்களப்புக் கோட்டை எழுந்த காலமே ஐரோப்பியத் தேவாலயங்களில் ஓர்கன் இசை செழித்தோங்கிய காலமாகும்.

அக்காலக் கத்தோலிக்கத் திருப்பலியில் இலத்தீன் பண்ணின் ஓரடியைப் பாடகர் பாட, அடுத்த அடியை ஓர்கன் சொல்லின்றி இசைப்பது வழக்கு. பண்ணின் சுரங்களை ஒரு குரலில் நீட்டி நிறுத்தி, ஏனைய குரல்களை அதனைச் சூழப் பின்னுதல் இக்கலையின் நுட்பங்களுள் ஒன்று. லிஸ்பன் அரச ஆலயத்தின் ஓர்கன் கலைஞரான மனுவேல் றொட்றிகஸ் கொயெல்யோ இத்தகைய அமைப்புகளும் அடங்கிய தமது நூலை 1620இல் அச்சேற்றினார். எட்டாண்டுகளின் பின், 1628இல், போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். உரோமாபுரிக் கலைஞர் பிரெஸ்கோபால்டி மூன்று திருப்பலிகளுக்குரிய ஓர்கன் இசையை 1635இல் வெளியிட்டார். மூன்றாண்டுகளுள், 1638இல், கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று.

ஒல்லாந்தரும் இவ்விசையை அறியாதவரல்லர். ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பிற் கரையிறங்கியபோது, ஆம்ஸ்டர்டாமிலே சுவீலிங்க் என்னும் பெருங்கலைஞர் ஓர்கன் வாசித்து வந்தார். திருப்பாடல்களின் மெட்டுகளை அக்கருவிக்கென விரித்தமைத்தவர் அவர். ஆயினும், 1574ஆம் ஆண்டு டோர்ட்ரெக்ட்டிற் கூடிய சீர்திருத்தச் சபையினர் ஆலயத்தில் ஓர்கன் வாசிப்பதை ஏற்கவில்லை. எனவே நகரங்களின் உடைமையாயிருந்த ஓர்கன்கள் வழிபாட்டின் முன்னும் பின்னுமே ஒலித்தன.

இலங்கைக் கரையோரத்திலோ, ஒல்லாந்தர் 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடமளிப்பதையே கொடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கினர். ஓர்கன் இசைக்குப் பேராலயமும் பெருஞ்செல்வமும் பயின்ற கலைஞரும் வேண்டும். ஒளிந்து வழிபட்ட சபைக்கு இவை எங்ஙனம் வாய்க்கும்? பாரிசில் கூப்பெரன் தமது ஓர்கன் திருப்பலிகளை வெளியிட்ட 1690ஆம் ஆண்டளவில், கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் வட இலங்கையில் இரவோடிரவாகத் திருப்பலி நிறைவேற்றி வந்தார். 1705இல் அவருக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தபசுகாலத்தில் ஒப்பாரியை ஒத்த ஓசையுடன் ஓதப்படுவதாயிற்று. அதற்குக் கருவி வேண்டியதில்லை. மனிதக் குரலே போதுமானது.

இதனை இழப்பு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஐரோப்பாவிற் பாடலின் பாதியை ஓர்கன் ஏற்றுக்கொண்டது; இங்கு முழுச்சுமையையும் மக்களே தாங்கினர். 1963இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கும் உள்ளூர் இசைக்கும் வழிதிறந்தபோது, அவர்கள் வெறுங்கையராய் நிற்கவில்லை. தடைக்காலம் வளர்த்த தமிழ்க்குரல் அவர்களிடம் இருந்தது.