துறையும் சந்திப்பும்: தூத்துக்குடியைக் காணும் வழி

நம் விஸ்வநத்தம், சிவகாசி வட்டாரத்தில் உருவாகும் தீப்பெட்டியும் நோட்டுப் புத்தகமும் கடல் கடப்பது தூத்துக்குடி வழியாக. “ஹார்பருக்கு லோடு போகிறது” என்று சொல்லிச் சொல்லி, சரக்கு போகும் ஊராக மட்டுமே அதை அறிந்திருக்கிறோம். திருச்செந்தூர் செல்லும் குடும்பங்களும் பெரும்பாலும் ஊருக்குள் இறங்காமல் கடந்துவிடுகின்றன. கோட்டையும் கோபுரமும் தேடுபவருக்குத் தூத்துக்குடி ஏமாற்றம் தரலாம். அவ்வூரின் வரலாறு கப்பல் துறையிலும் தண்டவாளத்திலும் நடந்தது. ஆகவே அங்கே போய்ச்சேரும் வழியையும் பார்க்க வேண்டிய இடமாகக் கொள்வதே பொருத்தம் என்பது என் துணிபு.

நம் பக்கத்திலிருந்து செல்வோர் சாத்தூரில் ரயில் ஏறலாம். (உறவினருக்கென்று பட்டாசுப் பெட்டி எடுத்துச் செல்வது நம்மூர்ப் பழக்கம், ரயிலில் அதற்குத் தடை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.) கோவில்பட்டி, கடம்பூர் கடந்தால் வாஞ்சி மணியாச்சி. கரிசல் காட்டு நடுவே நிற்கும் இந்தச் சந்திப்பில் பாதை பிரிகிறது: ஒன்று திருநெல்வேலிக்கு, மற்றொன்று தூத்துக்குடிக்கு. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் இங்கே ரயில் பெட்டியில் அமர்ந்து, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டுவிட்டு, நிலையத்திலேயே தம்மையும் சுட்டுக்கொண்டார்.

இச்செய்தி பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அந்தக் குண்டுக்குக் காரணமானவற்றுள் ஒன்று இங்கிருந்து கிழக்கே கடற்கரையில் கிடக்கிறது என்பதை இடத்தோடு சேர்த்துக் காட்டினால் மாணவர்களுக்கு அது மறக்காது. போட் மெயில் என்பது கப்பலுக்காகவே ஓடிய ரயில். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது முதல், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இங்கே இறங்கி நீராவிக் கப்பல் ஏறினார்கள். அந்தக் கடல்வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி வைத்ததே சட்டம். அதை எதிர்த்து 1906 அக்டோபர் 16 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907இல் காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவும் ஏற்றிப் பார்த்தது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணை நின்றார். மார்ச் 12 அன்று அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 இறுதியில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1908 அடக்குமுறையின்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ்.

பழைய துறைமுகம் இன்றும் உண்டு. ஆழம் குறைந்த கரை. பெருங்கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன, ஆளும் சரக்கும் படகில்தான் போயின. இப்போது அங்கே தோணிகளைப் பார்க்கலாம். மரத்தில் கட்டிய இந்தப் பெரிய கலங்கள் மாலத்தீவு வரை சரக்கு கொண்டுபோகின்றன. உலகத் துறைமுகங்களில் இரும்புப் பெட்டிகளே நிறைந்துவிட்ட காலத்தில் இக்காட்சி மிக அரியது. ஆஷ் நினைவாக எழுப்பப்பட்ட மண்டபமும் அருகிலேயே உள்ளது. வ.உ.சி.யின் கப்பல்கள் நின்ற கடலையும் அந்த மண்டபத்தையும் ஒரே நடையில் பார்க்க முடிகிற ஊர் இது. இரண்டையும் இணைத்துச் சொல்லும் விரிவான அறிவிப்புப் பலகை ஒன்று, சிறுவர்களும் வாசிக்கும் தமிழில் அங்கே நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்கு மாறியது. கொழும்புப் பயணத்தில் தூத்துக்குடியின் பெருமை மங்கியது. 1974இல் புதிய ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அது வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்குகிறது. அதே 2011இல் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் ஒன்று மீண்டும் விடப்பட்டுச் சில மாதங்களில் நின்றுபோனது.

தூத்துக்குடியின் பனிமய மாதா பேராலயம் 1713இல் எழுந்தது. 1982இல் பேராலயத் தகுதி பெற்றது. முத்துக்குளித்துறைப் பரதவர்களின் தாய்க்கோயில் அது. ஆகஸ்ட் 5இல் நிறைவுறும் திருவிழாவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் கூடுகிறார்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த மக்ரூன் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. அதற்கு என் பரிந்துரை தேவையில்லை.

சாலை வழியாகச் செல்வோருக்கு எட்டயபுரம் தனிப்பேறு. பாரதி பிறந்த வீடு, கல்கியின் முயற்சியால் எழுந்து 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் ஆகிய யாவும் அச்சிற்றூரில். வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் சற்று விலகிப் போனால் கிடைக்கும்.

நேரம் மிஞ்சினால் கொற்கைக்குப் போக வேண்டும். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற நூல் இதன் முத்துக்குளிப்பைக் குறிக்கிறது. குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. பாண்டியர் துறைமுகமான அவ்வூரில் இன்று வயலும் வாழையும்தான். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறை, இன்று பழையகாயல் எனப்படும் காயலுக்கு இடம்பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்த பிறகே தூத்துக்குடி தலையெடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தது. மணியாச்சியில் தொடங்கும் பயணத்தைப் பழையகாயல் வழியாகக் கொற்கையில் முடிப்பவர், ஒரு கடற்கரையின் மூன்று துறைமுகங்களையும் ஒரே நாளில் கண்டவராவார்.