கண்கள் வந்த வழி

1964 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொடரின் 'தி பெல்லெரோ ஷீல்டு' என்ற எபிசோடு ஓடியது. மார்ட்டின் லாண்டாவ் நடித்த விஞ்ஞானி வானத்தை நோக்கி லேசர் கதிரைப் பாய்ச்ச, அந்த ஒளியோடு ஒரு வேற்றுக்கிரகவாசி அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்கிறது. முடியில்லாத பெரிய மண்டை, வெள்ளையாக ஒளிரும் உடம்பு, நெற்றிப்பொட்டு வரை வளைந்தோடும் கண்கள். சாதுவான பிறவி. கண் படைத்த எல்லா உயிருக்கும் அந்தக் கண்ணே பேசும் என்ற பொருளில் அது ஒரு வசனமும் சொல்கிறது. அதன் பாதுகாப்புக் கவசத்துக்கு ஆசைப்பட்டு விஞ்ஞானியின் மனைவி அதைச் சுட்டுவிடுகிறாள். மேக்பெத் சீமாட்டியின் சாயலில் எழுதப்பட்ட பாத்திரம். சாலி கெல்லர்மன் அபாரமாக நடித்திருப்பார். கதையில் கடத்தலே கிடையாது. களவு உண்டு, களவாடுவது நம் ஆட்கள்.

ஆனாலும் ஏலியன் கடத்தல் கதைகளின் வரலாறு இந்த எபிசோடைச் சுற்றித்தான் போகவேண்டியிருக்கிறது. காரணம், அந்தக் கண்கள்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் பார்னி ஹில், பெட்டி ஹில் என்றொரு தம்பதி இருந்தார்கள். பார்னி கறுப்பினத்தவர், தபால் துறை ஊழியர். பெட்டி வெள்ளைக்காரர், சமூகநலப் பணியாளர். 1961 செப்டம்பர் 19 இரவு கனடாவிலிருந்து காரில் திரும்பும்போது வெள்ளை மலைப் பகுதியில் ஒரு வெளிச்சம் தங்களைப் பின்தொடர்ந்ததாகச் சொன்னார்கள். பின்னாளில் கணக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. சில நாட்கள் கழித்துப் பெட்டிக்கு, தங்களை யாரோ விண்கலத்துக்குக் கடத்திப்போவதாகத் தொடர்ந்து கனவுகள் வந்தன, எழுதி வைத்தார். அந்தக் கனவில் வந்தவர்களுக்குக் கறுப்பு முடி இருந்தது. மூக்கும் இருந்தது, சாதாரண மூக்கல்ல, நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டியின் புகழ்பெற்ற மூக்கைப் போல நீண்ட மூக்கு! இன்று ஏலியன் படம் வரையச் சொன்னால் எந்தக் குழந்தையும் மூக்கு வரையாது.

பார்னிக்கு வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், தூக்கமில்லை. பாஸ்டனில் பெஞ்சமின் சைமன் என்ற மனநல மருத்துவரிடம் போனார்கள். அவர் இருவரையும் தனித்தனியாக ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி ஒலிநாடாவில் பதிவுசெய்தார். 1964 பிப்ரவரி 22 அன்று பார்னியின் முறை. அலறினார். யாரோ தன்னைப் பார்ப்பதாக, அந்தக் கண்கள் தன்னோடு பேசுவதாகச் சொன்னார். பக்கவாட்டில் நீளும் கண்களோடு ஒரு முகத்தை வரைந்தும் காட்டினார். அதே அமர்வில் இன்னொன்றும் வெளிவந்தது. விண்கலத்தில் கண்ட முகங்களில் ஒன்று அவருக்கு ஒரு செம்பட்டை முடி ஐரிஷ்காரனை நினைவூட்டியது, இன்னொன்று ஒரு ஜெர்மன் நாஜியை. 1961இல் வெள்ளைக்கார மனைவியோடு இரவில் ஆளில்லாத நெடுஞ்சாலையில் போகும் கறுப்பினத்தவர் என்னென்ன பயங்களைச் சுமந்து போனார் என்பது இதில் இருக்கிறது. எனக்கு இந்த வழக்கில் விண்கலத்தைவிட இதுதான் பெரிய செய்தி.

பிப்ரவரி 10க்கும் 22க்கும் இடையே பன்னிரண்டு நாள். மார்ட்டின் காட்மேயர் என்பவர் 1990இல் 'மகோனியா' என்ற பிரிட்டிஷ் இதழில் இதைச் சுட்டிக்காட்டினார்: நீண்டு வளைந்த கண், பேசும் கண், இரண்டுமே டிவியில் ஏற்கெனவே வந்தவை. அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை என்பது பெட்டியின் பதில். இதில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. எபிசோடைப் பார்த்திருந்தால் பார்னி பொய்யர் என்றும் ஆகிவிடாது. சைமனே அவரைப் பொய்யராகக் கருதவில்லை. மனைவியின் கனவுகளைக் கேட்டுக் கேட்டு அது பார்னியின் நினைவாகவே படிந்துவிட்டது என்றுதான் முடிவுக்கு வந்தார். கனவு படியலாமென்றால் டிவி படியாதா?

அதன்பின் கண்கள் நின்று இளைப்பாறவில்லை. 1966இல் ஜான் ஃபுல்லர் எழுதிய புத்தகம் வழியாக நாடு முழுக்கப் போயின. 1969இல் பார்னி மூளை ரத்தக்கசிவில் இறந்தார், வயது 46. 1975 அக்டோபர் 20 அன்று அவராக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்த டிவி படம் 'தி யூஎஃப்ஓ இன்சிடென்ட்' என்பிசியில் வந்தது. பதினாறாவது நாள், அரிசோனாவில் டிராவிஸ் வால்டன் என்ற மரவெட்டித் தொழிலாளி காணாமல் போனார். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்து, மொட்டைத் தலையும் பெரிய கண்களும் கொண்டவர்களைப் பார்த்ததாகச் சொன்னார். மறுபடியும் திரை முந்தி, சாட்சி பிந்தி. இந்த இடைவெளியைக் காட்டியே சந்தேகப்பட்டவர்கள் நிறைய. 1987இல் விட்லி ஸ்ட்ரீபரின் 'கம்யூனியன்' புத்தக அட்டைக்கு டெட் சேத் ஜேக்கப்ஸ் தீட்டிய ஓவியத்தில் வெள்ளை விழியும் போய், முழுக்கறுப்பாயின கண்கள். புத்தகக் கடைக்குப் போன எவரும் அந்தப் பார்வையிலிருந்து தப்பவில்லை.

1996 ஏப்ரல் 12 அன்று இந்த முகத்தை வைத்தே டிவி சிரித்தது. 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் டேரின் மார்கன் எழுதிய 'ஹோசே சங்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' எபிசோடு. தொடக்கத்தில் பிரம்மாண்டமான விண்கலத்தின் அடிவயிறுபோல் ஒன்று திரையில் நகர்கிறது. பார்த்தால் மின்கம்பியைச் சரிபார்க்கப் போகும் தூக்குக் கூண்டு. காதலர் இருவரைக் காரோடு மடக்குகின்றன இரண்டு சாம்பல்நிற ஏலியன்கள். அப்போது மூன்றாவதாக ஒரு ராட்சசப் பிறவி வந்து நிற்க, கடத்த வந்த இரண்டும் மிரண்டுபோய், இது என்னவென்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன, சுத்தமான ஆங்கிலத்தில். அவை வேஷம் போட்ட விமானப்படைக்காரர்கள்! ஒருவர் சொன்ன கதை அடுத்தவர் வாயில் வேறாகிறது. ஹிப்னாடிசத்தில் கேட்டால் இன்னொன்றாகிறது. கடத்தல் கதைகள் எப்படி உருவாகின்றன என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன நாடகத்தை நான் பார்த்ததில்லை. சாம்பல்நிற முகத்தோடு ஒன்று கூண்டுக்குள் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் காட்சிக்காகவே இன்னொருமுறை பார்க்கலாம்.

2011இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசு, லிங்கன் ஊரருகே மூன்றாம் எண் சாலையோரம் ஹில் தம்பதிக்கு ஒரு வரலாற்றுப் பலகை நட்டது. தேதி, சுருட்டு வடிவக் கலம், தொலைந்த இரண்டு மணி நேரம், விமானப்படையிடம் செய்த புகார், செய்தியைக் கசியவிட்ட பாஸ்டன் நாளிதழ் எல்லாம் அதில் உண்டு. கண்களைப் பற்றிப் பேச்சில்லை. அந்த முகமோ அதற்கு முந்தைய ஆண்டே யூனிகோடு 6.0இல் எமோஜியாகச் சேர்ந்துவிட்டது.