ஓடும் குதிரையும் ஓவியர் கண்ணும்

மனிதன் முதன்முதல் தீட்டிய உருவங்களுள் குதிரையும் ஒன்று. பிரான்சு நாட்டில் லாஸ்கோ என்னுமிடத்தில் 1940ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட குகையின் சுவர்களில், ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குதிரை ஓவியங்கள் உள்ளன. அத்துணை நெடுங்காலமாகக் குதிரையைத் தீட்டி வந்த மனிதன், அது பாய்ந்தோடுங்கால் அதன் கால்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் திட்டமாக அறிந்தது 1878ஆம் ஆண்டில்தான் என்றால் அன்பர்கள் வியப்புறக்கூடும். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு விழாவை ஒட்டி நம் காலனிச் சிறுவர்க்கு நடந்த ஓவியப் போட்டியில், நடுவர் மூவருள் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். ஒரு சிறுமி ஓடும் குதிரை ஒன்றை வரைந்திருந்தாள். நான்கு கால்களும் வயிற்றின் கீழ் மடங்கிக் குவிந்து, தரையில் ஒன்றும் படாமல் இருந்தன. "ஓடும் குதிரை காலை நீட்டாதா?" என்று கூறி நாம் மதிப்பெண்ணைக் குறைத்தோம். செய்தித்தாளில் வந்த பந்தயப் படத்தைப் பார்த்து வரைந்ததாக அவள் மெல்லச் சொன்னாள். நாம் அதனைச் செவியில் வாங்கிக்கொள்ளவில்லை.

குதிரை ஓவியக் கலையில் முதற்பெரும் மாறுதலைச் செய்தவருள் ஒருவர் ஆங்கிலேயரான ஜார்ஜ் ஸ்டப்ஸ் (1724-1806). லிவர்ப்பூல் நகரில் தோல் பதனிடுவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். குதிரையின் புறத்தோற்றத்தை மட்டும் நோக்கி வரைவது போதாது, தோலின் கீழே உள்ளதையும் அறிதல் வேண்டும் என அவர் கருதினார். 1756இல் தொடங்கி, ஒரு சிற்றூரின் தனி வீட்டில் இறந்த குதிரைகளின் உடல்களைக் கயிறும் கொக்கியும் கொண்டு நிற்கும் நிலையில் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு என ஒவ்வோர் அடுக்காக நீக்கி வரைந்து வந்தார். நாற்றத்தையும் நோய் அச்சத்தையும் பொருட்படுத்தாது ஏறக்குறைய பதினெட்டு மாதங்கள் இவ்வாறு உழைத்தார். பின்னர் செப்புத் தகடுகளிலும் தாமே செதுக்கி, 1766இல் குதிரையின் உடற்கூறு பற்றிய நூலை வெளியிட்டார். இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள 'விசில்ஜாக்கெட்' என்னும் குதிரையின் பேருருவ ஓவியம் அவ்வுழைப்பின் பயனே.

எனினும் ஒரு குறை எஞ்சி நின்றது. நிற்கும் குதிரையை எலும்பு வரை அறிந்த ஸ்டப்ஸும், ஓடும் குதிரையைத் தீட்டுங்கால் பழைய மரபையே பின்பற்றினார். முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னுமாக நீட்டி, குதிரை வானில் மிதப்பதுபோல் அமைப்பதே அம்மரபு. பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ 1821இல் தீட்டிய எப்சம் குதிரைப் பந்தயத்திலும் இதே நிலையைக் காணலாம். அவர் குதிரையை அறியாதவர் அல்லர். குதிரையேற்றத்தில் பெருவிருப்புக் கொண்டவர். ஆயினும் இமைப்பொழுதில் நான்கு கால்களும் மாறிவிடுவதால், எத்துணைக் கூர்மையான கண்ணும் அதனைப் பிரித்தறிய இயலவில்லை.

கண்ணால் இயலாததைக் கருவி செய்தது. இங்கேதான் இருப்புப் பாதையோடு பிழைப்பு நடத்தும் நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று வருகின்றது. இவ்வாராய்ச்சிக்குப் பொருள் உதவியவர் லீலண்ட் ஸ்டான்போர்டு. அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே அமைந்த இருப்புப் பாதை 1869 மே 10ஆம் நாள் ஒன்றிணைந்தபோது பொன் ஆணி அறைந்த ரெயில்வே கம்பெனித் தலைவர் இவரே. குதிரைகள் மீது பேரார்வம் உடையவர். குதிரை ஓடுங்கால் நான்கு கால்களும் ஒருங்கே தரையை விட்டு எழுகின்றனவா என்பதை அறிய விரும்பிய அவர், ஈட்வேர்டு மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக் கலைஞரை அமர்த்தினார். பெருந்தொகைப் பந்தயம் ஒன்றில் வெல்லவே ஸ்டான்போர்டு இதனைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது, அதற்குச் சான்றில்லை.

1878 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்னுமிடத்தில் ஓடுபாதையின் ஓரமாகப் பன்னிரண்டு காமிராக்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. பாதையின் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டன. ஓடிவந்த குதிரை நூலை இழுக்க இழுக்க, ஒன்றன்பின் ஒன்றாகக் காமிராக்கள் திறந்து மூடின. படங்கள் உண்மையை உரைத்தன. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு. ஆனால் அது கால்களை நீட்டிய நிலையில் அன்று. வயிற்றின் கீழ் அவை மடங்கிக் குவிந்த நிலையில்தான்! நூற்றாண்டுகளாக ஓவியர் தீட்டிய பாய்ச்சல் பிழையாயிற்று.

இச்செய்தியால் பெரிதும் கலங்கியவர் பிரெஞ்சு ஓவியர் மெய்சோனியே (1815-1891). நெப்போலியனின் குதிரைப்படையைத் தீட்டிப் பெரும்புகழ் ஈட்டியவர். குதிரையின் ஓட்டத்தை அறியத் தம் தோட்டத்தில் தண்டவாளம் அமைத்து, டிராலி போன்ற சிறு வண்டியில் அமர்ந்து, பக்கத்தே ஓடும் குதிரையைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர் அவர். அத்துணைப் பாடுபட்டவர்க்கு, தம் கண் தம்மை ஏமாற்றிற்று என்ற செய்தி எத்தகைய அடியாக இருந்திருக்கும்! அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. "படம்தான் பொய்" எனத் தள்ளிவிட அவருக்குப் புகழும் செல்வாக்கும் இருந்தன. அவர் அவ்வாறு செய்தாரில்லை. 1881இல் மைபிரிட்ஜ் பாரிசுக்கு வந்தபோது, தம் இல்லத்திற்கே அழைத்து, கலைஞர் பலரைக் கூட்டி, அப்படங்களைக் காட்டச் செய்தார். அவர் தீட்டிய ஓவியங்களிலும் இச்செயலே பெரிதென நாம் எண்ணுகிறோம்.

மற்றோர் ஓவியரான தெகா (1834-1917) இளமையில் பழைய மரபிலேயே பந்தயக் குதிரைகளைத் தீட்டியவர். 1887இல் மைபிரிட்ஜின் 781 படத்தகடுகள் கொண்ட பெருந்தொகுதி வெளிவந்தபின், அவற்றைப் பார்த்து மாணவனைப்போல் வரைந்து பயின்றார். பார்வை மங்கி வந்த முதுமையில் மெழுகைக் கையால் பிசைந்து உருவங்கள் செய்வதில் பெரிதும் ஈடுபட்டார். அவர் மறைந்த பிறகு அவரது கூடத்தில் கிடைத்த மெழுகு உருவங்களுள் குதிரைகளும் பல.

அவ்வாறாயின், காமிரா வந்தபின் ஓவியனுக்கு வேலையில்லையா? இல்லை. சிற்பி ரோதான் இதற்கு ஒரு மறுப்புக் கூறினார். காலம் எங்கும் நிற்பதில்லை. புகைப்படமோ அதனை நிறுத்திக் காட்டுகின்றது. ஆதலின் ழெரிக்கோவின் குதிரைகளே ஓடுவதாகத் தோன்றுகின்றன என்பது அவர் கருத்து. காலின் கணக்கைக் காமிரா ஏற்றுக்கொண்டமையால், ஓவியர் வேறு உண்மைகளைத் தேடிச் சென்றனர். ஜெர்மானியரான பிரான்ஸ் மார்க் 1911இல் குதிரைகளை நீலநிறத்தில் தீட்டினார். பாரிசில் பயின்ற சீன ஓவியர் சூ பெய்ஹோங், உடற்கூற்றறிவையும் தம் நாட்டு மைத் தூரிகையையும் ஒன்றுசேர்த்துப் பாயும் குதிரைகளை ஆக்கினார். அவர் தாகூரின் சாந்திநிகேதனத்தில் தங்கியிருந்ததும் நம் நாட்டிற்குப் பெருமையே. சினிமா விளம்பரப் பலகை எழுதி வாழ்க்கையைத் தொடங்கிய எம். எப். ஹுசேனின் குதிரைகளில் நாம் கால்களை எண்ணுவதில்லை. அவற்றின் வேகமே நம்மை வந்து தாக்குகின்றது.

ஸ்டப்ஸ் எலும்பைக் கண்டார். மைபிரிட்ஜ் கணத்தைக் கண்டார். பின்வந்தோர் உள்ளத்தைக் கண்டனர். முன்னவர் விட்ட இடத்திலிருந்து பின்னவர் தொடர்ந்ததே இக்கலையின் வளர்ச்சி. தம் கண் கண்டதே முடிவு என்று இருந்தோர் வளரவில்லை.

நாற்பதைக் கடந்த நாமும் அன்று நம் கண்ணையே நம்பி ஒரு குழந்தையின் சொல்லைக் கேளாதிருந்தோம். அச்சிறுமி வரைந்தது சரி. நாம் இட்ட மதிப்பெண்தான் பிழை. இதனை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. இவ்வாண்டும் குழந்தைகள் வரைவார்கள். அவர்கள் வரைந்ததைத் திருத்துமுன், "எங்கே பார்த்தாய் அம்மா?" என்று ஒரு சொல் கேட்போமாக.