கானா: 2022 கடன் நெருக்கடியும் அதன் பின்னரும்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் ஏற்றுமதி தங்கம், கோக்கோ, கச்சா எண்ணெய் ஆகிய மூன்றையே பெரிதும் நம்பியுள்ளது. கடன் வாங்கிச் செலவழிக்கும் பழக்கம் கோவிட் காலத்தில் முற்றியது. 2022இல் உலகெங்கும் வட்டி ஏறியதும் புதுக்கடன் கிடைக்கவில்லை. நாணயமான சீடி சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பணவீக்கம் 54 விழுக்காட்டைத் தொட, வெளிக்கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை அரசு நிறுத்தியது. 2023 மே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது.

உள்நாட்டுக் கடன்பத்திரங்களையும் குறைந்த வட்டிக்கு மாற்றும்படி அரசு சொன்னபோதுதான் எதிர்ப்பு வலுத்தது. சேமிப்பை அவற்றில் போட்டிருந்த ஓய்வூதியர்கள் அக்ராவில் நிதியமைச்சகத்தின் முன் திரண்டனர். முன்னாள் தலைமை நீதிபதி சோஃபியா அகுஃபோவும் அவர்களோடு நின்றார்.

வரி விதிப்பிலும் அரசு தடுமாறியது. கைபேசிப் பணப் பரிமாற்றத்துக்கு 2022 மே மாதம் 1.5 விழுக்காடு வரி போட்டது. மக்கள் ரொக்கத்துக்குத் திரும்பினர். எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. 1 விழுக்காடாகக் குறைத்தும் பயனின்றி, 2025இல் வரி நீக்கப்பட்டது.

கோக்கோவின் கதை இன்னும் வேடிக்கை. 2024இல் உலகச் சந்தையில் டன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. கானாவிலோ விளைச்சல் படுத்திருந்தது. மரங்களை நச்சுயிரி நோய் தாக்கியது. தோட்டங்கள் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களாயின. கொள்முதல் விலையை அரசே நிர்ணயிப்பதால், கூடுதல் விலை தேடி மூட்டைகள் எல்லை தாண்டின.

தங்க விலை உயர்வால் 2025இல் சீடி மீண்டது. பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. மின்துறையின் கடன்பாக்கி மட்டும் தீராத தலைவலியாகத் தொடர்கிறது.