உமிக்கரி, அமிலம், லேசர்: என் பல் அடைப்பின் கதை



போன வாரம் எண்பத்தெட்டாம் வருஷத்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி போன் செய்தாள். "ஸார், ஈறு ஓரத்துல அடைச்சது ரெண்டு தடவ விழுந்துட்டு. லேசர் அடிச்சு அடைச்சா நிக்கும்னு சொல்லுகாங்க. காசு கூடுதலா கேக்காங்க. போடலாமா?" என்றாள். நான் பல் டாக்டர் இல்லை, வேதியியல் வாத்தியார். ஆனால் இதே இடத்தில் இதே அடைப்பு எனக்கும் இரண்டு முறை விழுந்திருக்கிறது. அந்த எரிச்சலில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் அடுப்பங்கரைத் திண்ணையில் ஒரு சிரட்டை நிறைய உமிக்கரி இருக்கும். எங்கள் பாட்டா அதில் உப்பைப் பொடித்துப் போட்டு, சுட்டுவிரலால் குறுக்கே ஓங்கித் தேய்ப்பார். நாங்களும் அப்படியே தேய்த்தோம். நெல் விளைந்த நாட்டில் உமிக்கா பஞ்சம்? உமியில் சிலிக்கா நிறைய உண்டு. உப்புத்தாள் செய்கிற வேலையைத்தான் அது பல்லில் செய்யும். ஈறு ஓரத்தில் எனாமல் மெல்லியது. அது தேய்ந்து போனால் உள்ளே இருக்கும் டென்டின் வெளியே தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும்.

இந்தத் தேய்மானம் தட்டு மாதிரி ஆழமில்லாத பள்ளம். அந்தக் காலத்து வெள்ளி அடைப்பு பல்லில் ஒட்டாது. உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் குழி வெட்டி, அதில் பூட்டி வைக்க வேண்டும். தட்டுப் பள்ளத்தில் அப்படி வெட்ட நல்ல பல்லைத்தான் பலி கொடுக்கணும். அதனால் ஒட்டுகிற பொருள் வேண்டியதாயிற்று.

ஒட்டும் வழியைக் கண்டவர் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருந்த மைக்கேல் புவோனோகோர். 1955, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பு. பெயிண்ட் நன்றாகப் பிடிக்க உலோகத்தின் மேல் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதையே எனாமலில் 30 விநாடி வைத்துப் பார்த்தார், 85 சதவீத அமிலம்! எனாமல் பொடிப்பொடியாக அரித்துச் சொரசொரப்பானது, பிசின் அதில் பிடித்துக்கொண்டது. 1962-ல் ரஃபேல் போவன் இன்றைய பல் நிற அடைப்புக்கான பிசினுக்குக் காப்புரிமை பெற்றார்.

எனாமல் ஏறக்குறைய முழுக்கத் தாதுப்பொருள், காய்ந்த கல் மாதிரி. டென்டின் அப்படி அல்ல. எடையில் 70 சதவீதம்தான் தாது, மிச்சம் கொலாஜன் நாரும் தண்ணீரும். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள், எல்லாம் நரம்பு இருக்கும் கூழை நோக்கிப் போகும். ஈரச்சுவரில் பெயிண்ட் அடித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். டென்டினில் அமிலம் வைத்தால் பல் செத்துப்போகும் என்று மேலைநாட்டு டாக்டர்கள் வெகுகாலம் பயந்தார்கள். ஜப்பானில் ஃபுசயாமா 1979-ல் துணிந்து இரண்டிலும் அமிலம் வைத்தார். அமிலம் தாதுவைக் கரைத்தபின் நிற்கும் கொலாஜன் வலைக்குள் பிசின் புகுந்து இறுகுகிறது என்பதை நகபயாஷி 1982-ல் காட்டினார். பல்லும் பிசினும் கலந்த ஒரு மெல்லிய அடுக்கு. அடைப்பைத் தாங்குவது அதுதான்.

லேசர் தனி வழியில் வந்தது. 1960-ல் மைமனின் ரூபி லேசர். 1965-ல் லியான் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதை உயிருள்ள பல்லில் அடித்தார். பல் யாருடையது தெரியுமா? பல் டாக்டரான அவருடைய சொந்தச் சகோதரருடையது! வலிக்கவில்லை என்றார்கள். ஆனால் ரூபியின் சூடு பல்லின் கூழுக்கு ஆகாது என்று பிற்பாடு தெரிந்தது.

1989-ல் ஜெர்மனியில் ஹிப்ஸ்ட், கெல்லர் இருவரும் எர்பியம் லேசரைப் பல்லில் சோதித்தார்கள். அதன் அலைநீளம் 2940 நானோமீட்டர். அதைத் தண்ணீர் அப்படியே விழுங்கும். பல்லில் உள்ள துளி ஈரம் நொடியில் ஆவியாகி வெடித்து, பல்லைத் துகளாகத் தெறிக்க வைக்கும். மேலே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அடிப்பார்கள். 1997-ல் அமெரிக்க அரசு அதைப் பல்லில் பயன்படுத்த அனுமதித்தது. (அந்தப் படிகத்தில் உள்ள எர்பியமும் இட்ரியமும் அருமண் தனிமங்கள். நம் மணவாளக்குறிச்சி மோனசைட்டிலும் சொற்பமாக உண்டு. வகுப்பில் அந்தக் கருமணலைக் காந்தத்தால் பிரித்துக் காட்டியது நினைவிருக்கிறதா?)

லேசர் பட்ட டென்டினை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் குதித்திருப்பார்கள். பர் வைத்து ராவினால் படியும் அழுக்குப் படலம் இல்லை, குழாய்கள் எல்லாம் வாய் திறந்து, மேற்பரப்பு நல்ல சொரசொரப்பு. இனி அமிலமே வேண்டாம் என்று நினைத்தார்கள். இழுத்துப் பார்த்தபோது பல சோதனைகளில் பிடிப்பு கூடவில்லை, குறைந்தது. சூட்டில் மேலடுக்கின் கொலாஜன் நார்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிசின் புக வலையே இல்லை. கண்ணுக்கு அழகான பரப்பு, கைக்கு உதவவில்லை. பிறகு சக்தியைக் குறைத்தும், லேசருக்குப் பின் அமிலம் வைத்தும், பசையை மாற்றியும் பார்க்கிறார்கள். சிலருக்கு நல்ல பலன், சிலருக்கு இல்லை. பர் சத்தமும் அதிர்வும் இல்லாதது மட்டும் நிச்சய லாபம், பயந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

எங்களைப் போன்ற உமிக்கரி ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். வருஷக்கணக்காகத் தேய்ந்த டென்டினில் குழாய்கள் தாதுவால் அடைத்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகிவிடும். அமிலமே அதில் சரியாக ஏறாது. முதல் இரண்டு முறையும் எனக்கு அந்தப் பளபளப்பின் மேலேயே அடைத்துவிட்டார்கள்.

மூன்றாம் முறை பார்த்தவர் என் பழைய மாணவன். லேசர் அவனிடம் இல்லை. அந்தப் பளபளப்பை பர் வைத்து லேசாக ராவினான், நீலநிற அமிலக் களி வைத்துக் கழுவினான், முழுக்கக் காயவிடாமல் பசை பூசி அடைத்தான். ஒன்றரை வருஷமாக நிற்கிறது. அந்தப் பெண்ணிடம், லேசருக்குக் காசு கொடுக்கும் முன் "அதற்குப் பிறகு அமிலம் வைப்பீர்களா, என்ன பசை?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். பிரஷ்ஷையும் மெதுவானதாக மாற்றச் சொன்னேன்.

"ஸார், வீட்ல அம்மை இன்னும் உமிக்கரிதான்" என்றாள். அம்மைக்குத் தொண்ணூறு வயது.