பார்த்ததும் அறிந்ததும்: ஒரு ஸ்லாவிய வினைச்சொல்லின் வரலாறு

ரஷ்ய மொழியில் 'வேதத்' என்றால் அறிதல். செக் மொழியில் 'வ்யெதா' என்றால் அறிவியல். இவற்றைச் சமஸ்கிருத 'வேத'த்துடன் அடுக்கி வைத்து, ஸ்லாவிய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று சொல்வோர் உண்டு. ஒற்றுமை மெய்யானது, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை.

இச்சொற்களுக்கு மூலமாக மொழியியலாளர் மீட்டுருவாக்கிய தொல்ஸ்லாவிய வினை *வேதேதி. எழுத்துச் சான்று இல்லாத, ஒப்பீட்டால் மட்டும் பெறப்பட்ட வடிவம் என்பதையே முன்னுள்ள உடுக்குறி காட்டுகிறது. சிரில், மெத்தோடியஸ் ஆகியோரின் மொராவியப் பணி தொடங்கிய 9ஆம் நூற்றாண்டில்தான் ஸ்லாவியம் நூல்மொழியாகிறது. *வேதேதி அதற்கு முந்தையது.

அதன் வேர் இந்தோ-ஐரோப்பிய *வெய்த், அதாவது 'காண்'. அவ்வினையின் முற்று வடிவம் *வொய்த்: கண்டு முடித்த நிலை. கண்டவர் அறிந்தவராகிறார், ஆகவே வடிவில் முற்றாக இருந்தும் பொருளில் நிகழ்காலமாக 'அறிகிறேன்' என நின்றது. கிரேக்க 'ஓய்த', கோதிக் 'வைட்', சமஸ்கிருத 'வேத' ஆகிய மூன்றும் இதே வடிவின் வழித்தோன்றல்கள்.

தாய்-மகள் வாதம் உடையும் இடமும் இதுவே. சமஸ்கிருதத்தில் பழைய 'எய்', 'ஒய்' ஆகிய இரண்டும் 'ஏ' என ஒன்றாகிவிட்டன. ஸ்லாவியத்திலோ 'எய்' ஈகாரமாயிற்று. 'ஒய்' ஏகாரச் சாயல் கொண்டது. அதனால்தான் அங்கே 'வீதேதி' காண்பதையும் 'வேதேதி' அறிவதையும் குறிக்கும் இரு வினைகளாயின. சமஸ்கிருதத்தில் கரைந்துபோன வேறுபாட்டை அதன் மகள்மொழி ஒன்று சரியாக மீட்டெடுத்திருக்க வழியில்லை. இரண்டும் உடன்பிறப்புகள். தமிழின் 'வேதம்' வேறு வகை: அது சமஸ்கிருதத்திலிருந்து பெற்ற கடன்சொல், மரபுரிமை அன்று. (லத்தீன் வேரிலிருந்து வந்த 'வீடியோ'வும் கிரேக்க வேரிலிருந்து வந்த 'ஐடியா'வும் அதே *வெய்த் குடும்பத்தவை, தமிழில் அவையும் கடனே.)

பழைய முற்று வடிவம் ஓரிடத்தில் வியப்பூட்டும் வகையில் பிழைத்தது. பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் 'வேதே' என்றால் 'நான் அறிவேன்'. சிரில்லிக் நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துகளின் பெயர்கள் 'அஸ்', 'புகி', 'வேதே'. சேர்த்துப் படித்தால் 'நான் எழுத்துகளை அறிவேன்' எனப் பொருள் தரும்.

பின்வந்த மொழிகளின் போக்கு ஒரு சீரானதன்று. செக், போலிஷ் மொழிகளில் அறிதலுக்கு இதுவே இன்றும் அன்றாட வினை. ரஷ்யத்தில் 'ஸ்னத்' அதன் இடத்தைப் பிடித்தது. 'வேதத்' பழஞ்சாயல் பெற்றது. பழைய படர்க்கை வடிவம் 'போக் வேஸ்த்', 'கடவுளுக்கே வெளிச்சம்', என்ற தொடரில் உறைந்து நிற்கிறது. பெயர்ச்சொற்கள் ஏராளம்: சூனியக்காரியைக் குறிக்கும் 'வேத்மா' சொல்லளவில் அறிந்தவள், 'இஸ்வெஸ்தியா' நாளிதழின் பெயரும் இவ்வேரினது. 'சோவியத்' மட்டும் இக்குடும்பமன்று. அதன் வேர் பேச்சைக் குறிப்பது.

சாட்சியைக் குறிக்கும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. பழைய ரஷ்யத்தில் அது 'சவேதேதெல்', உடன் அறிந்தவர். பிற்காலத்தவர் அதைக் காண்பதோடு தொடர்புபடுத்தி 'ஸ்விதேதெல்' என மாற்றிக்கொண்டனர். இலக்கணப்படி அது திரிபு. ஆயினும் தாம் அறியாமலே அவர்கள் அச்சொல்லை அதன் முதற்பொருளிடம் கொண்டு சேர்த்தனர்.