பெட்டி மாறும், ஒயர் மாறாது!

தொலைக்காட்சியின் வரலாறு என்றாலே எல்லோரும் சேனல்களின் கதையைத்தான் சொல்வார்கள். தூர்தர்ஷன் வந்தது, சன் டி.வி. வந்தது, சீரியல்கள் வந்தன, அதோடு கதை முடிந்துவிடும். இங்கே கொஞ்சம் வேறு வழியில் போய்ப் பார்க்கலாம். சுவரோரமாக ஆணி அடித்து, ஜன்னல் ஓட்டை வழியாக வீட்டுக்குள் வருகிறதே ஒரு கறுப்பு ஒயர், அதன் கதை இது.

நான் படிப்பது பி.காம். எஞ்சினியரிங் அல்ல. ஆனால் இந்த ஒயருக்குள் ஒரு நல்ல கணக்குப் பாடம் இருக்கிறது நண்பர்களே. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் கடந்த முப்பது வருடங்களில் டி.வி. பெட்டி எத்தனை முறை மாறியது, ஒயர் எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பாடம் புரிந்துவிடும்.

மொட்டை மாடிக் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. செங்கல்பட்டும் மாமல்லபுரமும் சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கி.மீ. தூரம். அதனால் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, சென்னைப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அதிலிருந்து டி.வி.க்கு வந்தது பட்டையான ரிப்பன் ஒயர். இரண்டு கம்பிகள், நடுவே பிளாஸ்டிக், அவ்வளவுதான். அதற்குக் கவசம் எதுவும் கிடையாது. பக்கத்தில் இரும்புக் குழாய் போனாலும் மழையில் நனைந்தாலும் படம் கெட்டுவிடும்.

பிறகு வந்ததுதான் நாம் இன்றும் பார்க்கும் வட்ட ஒயர். நடுவில் ஒரு கம்பி, சுற்றி வெள்ளை நுரை, அதன் மேல் உலோக வலை, எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. இதைக் கோ-ஆக்ஸியல் என்கிறார்கள். இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைடு இதற்கு 1880லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். டி.வி. என்ற ஒன்றே இல்லாத காலம் அது! வெளி உலோகமே கவசமாக இருப்பதால் உள்ளே போகும் சிக்னலை வெளியுலகம் தொந்தரவு செய்யாது. இந்தக் குணம்தான் அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். உள்ளே எந்த வகை சிக்னல் போகிறது என்பது ஒயருக்கு ஒரு பொருட்டே இல்லை.

கேபிள்காரர் வந்தார்

1991 வளைகுடாப் போரைச் செயற்கைக்கோள் வழியாக உலகமே பார்த்தது. அதே வருடம் ஸ்டார் டி.வி., 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தெருவுக்குத் தெரு பெரிய டிஷ் முளைத்தது. கேபிள்காரர் மின்கம்பங்கள் மேல் ஒயரை இழுத்து, வீட்டுக்கு ஒரு இணைப்பு கொடுத்தார். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது 1995இல்தான். ஒயர் முன்னே போனது, சட்டம் பின்னாலேயே வந்தது.

அப்போது பெட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒயரை டி.வி.யின் பின்னால் சொருகினால் படம். இரண்டாவது டி.வி. வாங்கினால் ஒரு ஸ்ப்ளிட்டர் போதும்.

முதல் பெட்டியும் முதல் தோல்வியும்

2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் 'காஸ்' முறை வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். இலவசச் சேனல்கள் மட்டும் போதும் என்றால் பெட்டி தேவையில்லை, மாதம் 72 ரூபாயும் வரியும் கட்டினால் போதும், பழைய ஒயரிலேயே வரும். ஜனங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? முக்கியமான தமிழ்ச் சேனல்கள் பெட்டி இல்லாமலே வந்ததால், பெரும்பாலோர் பெட்டி பக்கமே போகவில்லை. செங்கல்பட்டு அந்த எல்லைக்கு வெளியே இருந்ததால் இங்கே பழைய முறையே தொடர்ந்தது.

இருக்கிற ஒயரிலேயே வேண்டியது கிடைக்கும்போது புதுப் பெட்டிக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்பதைச் சென்னை அன்றே காட்டிவிட்டது.

டி.டி.எச். வந்தபோது

2006இல் டாடா ஸ்கை, அடுத்து சன் டைரக்ட் என்று சின்ன டிஷ்கள் மாடிகளில் ஏறின. பழைய கேபிள் ஒயரையே இதற்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. பதில்: பெரும்பாலும் ஆம், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு.

கேபிள் டி.வி. சிக்னல் சுமார் 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை. டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னலோ 950 முதல் 2150 வரை. அதிர்வெண் கூடக்கூட ஒயரில் இழப்பும் கூடும். ஆர்.ஜி.-6 ஒயர் தாங்கும். அதைவிட மெல்லிய ஆர்.ஜி.-59 தூரம் போனால் திணறும். அதோடு, டிஷ் முனையில் இருக்கும் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் பெட்டியிலிருந்து இதே ஒயர் வழியாகத்தான் மேலே போகிறது. நடுவில் பழைய ஸ்ப்ளிட்டர் இருந்தால் மின்சாரம் அங்கேயே நின்றுவிடும், படம் வராது. பலர் ஒயர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக இழுப்பார்கள். கெட்டது ஒயர் அல்ல, நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன டப்பாதான் குற்றவாளி!

ஒரே ராத்திரியில் அரசு கேபிள்

இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. 2007இல் தொடங்கி முடங்கிப்போன தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம், 2011 செப்டம்பர் 2 அன்று சென்னை நீங்கலான மாவட்டங்களில் மறுபடி வந்தது. மாதக் கட்டணம் 70 ரூபாய். அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, மீதி கேபிள்காரருக்கு. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செங்கல்பட்டும் மாமல்லபுரமும் இதில் அடக்கம். (செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.)

யோசித்துப் பாருங்கள். மாநிலம் முழுக்க ஒரு பெரிய வியாபாரம் கை மாறுகிறது. வீட்டுக்குள் என்ன மாறியது? ஒன்றுமே இல்லை! கண்ட்ரோல் ரூமில் இணைப்பு மாறியது, அவ்வளவுதான். பெட்டி இல்லாத காலம் என்பதால் ஒயரின் அந்த முனையில் யார் இருந்தாலும் இந்த முனையில் படம் தெரிந்தது.

பெட்டி கட்டாயமானது

டிஜிட்டல் முறையைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2011 டிசம்பரில் வந்தது. கட்டம் கட்டமாக நகர்ந்து, கடைசிக் கட்டக் கெடு 2017 மார்ச் 31இல் முடிந்தது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில் கிடைக்க, அதே வருடம் இலவசச் செட்டாப் பாக்ஸ்கள் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இப்போதும் ஒயர் அதேதான். முன்பு ஒரு சேனலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடம் தேவைப்பட்டது. டிஜிட்டலில் அதே 8 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்கு சுமார் 38 மெகாபிட் தகவல் போகும், பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் அடங்கும். ஆக, புது ஒயர் இழுக்காமலே இடம் பல மடங்கு பெருகியது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. பூட்டு போட்ட சிக்னலைத் திறக்கும் சாவி இனி பெட்டிக்குள். அந்தப் பெட்டி ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

இரண்டு இருட்டுகள்

இதன் விளைவைப் பார்க்க 2022இன் கடைசி இரண்டு மாதங்கள் போதும்.

நவம்பரில், செட்டாப் பாக்ஸ் மென்பொருளைக் கையாண்ட தனியார் நிறுவனத்தோடு ஏற்பட்ட பிரச்சினையால், மாநிலத்தில் லட்சக்கணக்கான அரசு கேபிள் பெட்டிகள் இருண்டன. ஒயர் நன்றாக இருந்தது, டி.வி. நன்றாக இருந்தது, கேபிள்காரரும் தெருவில்தான் இருந்தார். ஆனால் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயலில் அறுந்த ஒயரைச் சரிசெய்ய ஒரு ஏணி, ஒரு கட்டிங் பிளையர், நாலு பின்கள் போதும். கடலோரத்தில் இது பழகிப்போன வேலை. உப்புக் காற்றில் ஒயரின் நுனி சீக்கிரம் துருப்பிடிக்கும். பெரும்பாலான ஒயர்களில் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்புதான். பூச்சு போனால் துரு. நுனியை வெட்டிவிட்டுப் புது பின் போட்டால் பல சமயம் சரியாகிவிடும். முழு ஒயரையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஒயர் அறுந்தால் நம் தெருவிலேயே சரிசெய்துவிடலாம். பெட்டிக்குள் சாவி செத்துப்போனால் எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் மனது வைக்க வேண்டும். என் கண்ணுக்கு இந்த வரலாற்றின் சாரமே இதுதான்.

இனி என்ன?

இப்போது பைபர் காலம். கண்ணாடி இழை வீட்டு வாசல் வரை வருகிறது. பழைய ஒயர் இனி குப்பைதானா? அவசியமில்லை. ஓ.என்.யு. என்ற பெட்டி ஒளியை மின் சிக்னலாக மாற்றுகிறது. டி.வி. சிக்னலுக்குத் தனி வாய் உள்ள பெட்டியாக இருந்தால், அங்கிருந்து ஹால், படுக்கையறை வரை பழைய ஒயரிலேயே செட்டாப் பாக்ஸுக்குக் கொண்டு போகலாம். இணையம் வழியாக இயங்கும் புதுப் பெட்டி என்றால் லேன் கேபிளோ வைஃபையோ வேண்டும். அப்போதும், சுவருக்குள் போட்ட பழைய குழாய் இருந்தால் சுவரை உடைக்காமல் புதுக் கேபிளை இழுத்துவிடலாம்.

கடைசியாகக் கொஞ்சம் காமர்ஸ். ஒயருக்கு நாம் செலவழித்த பணம் திரும்பி வராது, ஆனால் ஒயர் நம்முடையது, யார் வந்தாலும் உழைக்கும். பெட்டி அப்படியில்லை. நிறுவனத்தை மாற்றினால் அது வெறும் டப்பா, மறுபடி புதுப் பெட்டிக்குச் செலவு. இந்த மாற்றுச் செலவுதான் வாடிக்கையாளரை ஒரே இடத்தில் கட்டிப்போடும் கயிறு. கைபேசியில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. செட்டாப் பாக்ஸும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. பரிந்துரை வந்த பிறகும், வீடுகளில் இருப்பவை அந்தந்த நிறுவனத்துக்கே உழைக்கும் பெட்டிகள்தான்.

அதனால், அடுத்த முறை பெட்டி மாற்ற ஆள் வந்து "ஒயரையும் மாத்தணும்" என்றால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். நுனியை வெட்டிப் புது பின் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஸ்ப்ளிட்டர் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: "நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினா இந்தப் பெட்டி வேலை செய்யுமா?"

ஒயரைப் பற்றிய கேள்விக்குப் பதில் உடனே கிடைத்துவிடும். பெட்டியைப் பற்றிய கேள்வியை நாம் எல்லோரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும்.